பஞ்சாங்க நிரலும் மூன்று அளவைகளும்

பஞ்சாங்கம் கணிக்கும் ஒரு சிறு கணினி நிரல் பிழையான விடை தருகிறது என்று சொல்ல வேண்டுமானால், சரியான விடை எது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். கடைக் கணக்கு எழுதும் நிரலில் இதற்குச் சிக்கல் இல்லை. காகிதத்தில் கூட்டிப் பார்த்தால் போதும். பஞ்சாங்க நிரலில் அப்படி முடியாது. இன்றைய இராகுகாலம் எப்போது தொடங்குகிறது, சதுர்த்தி எத்தனை மணிக்கு முடிகிறது, இந்தக் குழந்தையின் இலக்கினம் எது என்று கேட்டால் திரையில் மணியும் நிமிடமும் நொடியும் வந்து நிற்கின்றன. அவற்றை எதனோடு ஒப்பிட்டுச் சரி என்றோ தவறு என்றோ முடிவு செய்வது என்பது நிரலாளர் மட்டும் தீர்க்கக்கூடிய கேள்வி அல்ல. ஓர் அறிவு எதனால் மெய்யாகிறது, எதனால் பொய்யாகிறது என்று இந்தியத் தத்துவ மரபுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாதாடி வந்த கேள்வி இது. சைவ சித்தாந்தத்தின் அளவை இயலும் இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது.

டென்மார்க்கின் ஹேர்னிங் இக்கேள்வி கண்முன் வந்து நிற்கும் ஊர்களில் ஒன்று. யூட்லாண்ட் தீபகற்பத்தின் நடுவே, நெசவுத் தொழிலால் வளர்ந்த நகரம் அது. 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் அங்கும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் குடியமர்ந்தார்கள். இன்று அங்கே சித்தி விநாயகர் ஆலயம் இருக்கிறது. தெற்கே சிறிது தூரத்தில் பிராண்டெ என்ற ஊரில் அபிராமி அம்மன் ஆலயம் இருக்கிறது. கோயில் இருந்தால் சதுர்த்தியும் திருவிழாவும் முகூர்த்தமும் உண்டு. அவை இருந்தால் பஞ்சாங்கமும் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அச்சான பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்து வானத்துக்குக் கணித்தது. ஹேர்னிங் வானத்துக்கு வேண்டுமானால் கணினிதான் எளிய வழி. விண்டோஸில் ஓடும் இலவச நிரல்கள் பல ஆண்டுகளாகக் கிடைக்கின்றன. ஊரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அல்லது அட்சரேகை 56 பாகை 8 கலை வடக்கு, தீர்க்கரேகை 8 பாகை 58 கலை கிழக்கு என்று கொடுத்தால், எல்லாம் கணித்துத் தந்துவிடும்.

அருணந்தி சிவாச்சாரியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய சிவஞான சித்தியாரில், தன் கொள்கையைக் கூறும் சுபக்கம் என்ற பகுதி அளவை இயலோடு தொடங்குகிறது. பல சமயத்தார் சொல்லும் பத்து அளவைகளை எடுத்துக் கூறி, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்று அந்நூல் நிறுவுகிறது. காண்டல் என்பது ஐயமும் திரிபும் இல்லாமல் நேரே அறிவது. கருதல், அறிந்ததைக் கொண்டு அறியாததை ஊகிப்பது. உரை, நம்பத்தக்கவரின் சொல்லாலும் நூலாலும் அறிவது. பஞ்சாங்க நிரலின் திரையில் ஒரே எழுத்துருவில் ஒரே வரிசையில் தெரியும் எண்களை இம்மூன்றின்படி பிரித்துப் பார்த்தால் அவை ஒரே இனம் அல்ல என்பது தெரியும். சூரிய உதயம் காண்டலால் சோதிக்கக்கூடியது. கிழக்கு அடிவானம் தெரியும் வெளியில் நின்று பார்த்தால் போதும். திதி முடியும் நேரத்தைக் கண்ணால் காண முடியாது. சந்திரனும் சூரியனும் எத்தனை பாகை விலகியிருக்கின்றன என்ற கணக்கு அது, ஆகவே கருதல். இராகுகாலத்தைக் காணவும் முடியாது, வானியலிலிருந்து ஊகிக்கவும் முடியாது. பகலை எட்டாகப் பகுத்து, திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாம் பங்கு என்று வகுத்தது மரபு. அது உரை. நிரலின் விடை தவறு என்று சொல்பவர், அது எந்த அளவையின் முன் தவறுகிறது என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் சொல்வது குறைகூறல், சோதனை அல்ல.

இராகுகாலம் நல்ல எடுத்துக்காட்டு. தமிழ் நாட்காட்டிகளில் அச்சாகும் அட்டவணை எல்லோருக்கும் மனப்பாடம்: திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு, ஞாயிறு நாலரை முதல் ஆறு. காலை ஆறு மணிக்கு விடிந்து மாலை ஆறு மணிக்கு இருட்டும் பன்னிரண்டு மணி நேரப் பகலை எட்டால் வகுத்த கணக்கு இது. யாழ்ப்பாணத்தில் இது பெரிதாகத் தவறுவதில்லை. ஆண்டு முழுவதும் அங்கே பகலின் நீளம் ஏறத்தாழ 11 மணி 33 நிமிடத்துக்கும் 12 மணி 41 நிமிடத்துக்கும் இடையில் நிற்கிறது. எட்டில் ஒரு பங்கு 87 முதல் 95 நிமிடம். உதயம் 5.50க்கும் 6.30க்கும் இடையே நகர்கிறது. அட்டவணைக்கும் வானத்துக்கும் உள்ள வேறுபாடு அரைமணியைத் தாண்டுவது அரிது. அதைப் பொருட்படுத்துபவர்களும் குறைவு.

ஹேர்னிங்கில் ஜூன் 21 அன்று சூரியன் காலை 4.36 அளவில் உதித்து இரவு 10.16 அளவில் மறைகிறது. பகல் பதினேழே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. எட்டில் ஒரு பங்கு 2 மணி 12 நிமிடம். அந்நாள் ஞாயிறாக இருந்தால், விதிப்படி வகுத்த இராகுகாலம் இரவு 8.04 முதல் 10.16 வரை வரும். அட்டவணையின் நாலரை முதல் ஆறு என்பதோடு அது ஒரு நிமிடம்கூடப் பொருந்தாது. டிசம்பர் 21 அன்று உதயம் 8.55 அளவில், மறைவு மாலை 3.50 அளவில். பங்கு 52 நிமிடம்தான். அந்நாள் திங்களானால் அட்டவணையின் ஏழரை முதல் ஒன்பது வரை என்பதில் கடைசி ஐந்து நிமிடம் தவிர மற்றதெல்லாம் சூரியன் உதிக்குமுன்பே கழிந்துவிடும். பகலின் ஒரு பங்காகச் சொல்லப்பட்டது இரவில் போய் விழுகிறது.

அட்டவணையை அப்படியே உள்ளே பதித்துக்கொண்ட நிரலும், பகலை எட்டால் வகுக்கும் நிரலும் யாழ்ப்பாணத்தில் கிட்டத்தட்ட ஒரே விடை தரும். எத்தனை நாள் சோதித்தாலும் முதலாவதன் குறை வெளிவராது. இரண்டையும் ஹேர்னிங்குக்குக் கொண்டுவந்தால் மணிக்கணக்கில் பிரிகின்றன. சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாம், பிழை இல்லை என்று காட்ட முடியாது என்று எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1969 அளவில் வலியுறுத்தியதன் பொருள் இதுதான். நிரலின் பிழை அது எழுதப்பட்ட நாளிலேயே உள்ளே இருந்தது. அதை வெளிக்கொண்டுவரும் உள்ளீடு யாழ்ப்பாணத்தில் இல்லை, அவ்வளவே.

அந்தப் பிழை எப்படி உள்ளே வந்தது என்பதற்கு டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நாவுர் தரும் விளக்கம் மற்ற எல்லாவற்றையும்விடப் பொருத்தமானது. நாவுர் (1928–2016) வானியலாளராகத் தொடங்கியவர். 1950களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் கோள்பாதைகளைக் கணித்து, பிறகு கணினியியலுக்கு வந்தவர். 2005ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றவர். 1985இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில், நிரல் என்பது எழுதப்பட்ட வரிகள் அல்ல என்கிறார். உலகின் எந்த நடப்பை எந்த வரி எதற்காகக் கையாளுகிறது என்று எழுதியவர் மனத்தில் இருக்கும் முழு விளக்கமே நிரல். அந்த விளக்கம் உள்ளவர்கள் போய்விட்டால் வரிகள் ஓடிக்கொண்டிருந்தாலும் நிரல் செத்ததே. வரிகளை மட்டும் வாசித்து அதை உயிர்ப்பிப்பது மிகக் கடினம். இராகுகால அட்டவணைக்கு நேர்ந்ததும் இதுவே. பஞ்சாங்கம் கணித்தவர்களுக்குப் பகலின் நீளம் மாறும் என்பது நன்றாகத் தெரியும். அச்சுப் பஞ்சாங்கத்தில் அகசு என்று ஒவ்வொரு நாளின் பகல் அளவையும் நாழிகையில் தனியாகக் கொடுப்பது அதனால்தான். சுவர் நாட்காட்டிக்கு வந்தபோது எட்டில் ஒன்று என்ற விதி உதிர்ந்து, ஒன்றரை மணி என்ற விடை மட்டும் மிஞ்சியது. நாட்காட்டியைப் பார்த்து நிரல் எழுதியவர் விடையைப் படியெடுத்தார். விதி அவர் கைக்கு வந்து சேரவே இல்லை. உரை வழியாக வரும் அறிவுக்கு இது எப்போதும் உள்ள ஆபத்து. சொல் அழியாமல் வந்து சேரும், அதன் காரணம் வழியில் தங்கிவிடும். ஆசிரியர் வாயிலாகக் கேட்டுக் கற்க வேண்டும் என்று மரபு ஏன் அவ்வளவு வற்புறுத்தியது என்பதை நாவுரின் கட்டுரையை வாசிக்கும் சைவர் புதிதாக உணரக்கூடும்.

காண்டலால் சோதிக்கலாம் என்ற சூரிய உதயமும் அவ்வளவு எளிதல்ல. உதயம் என்பது சூரிய வட்டத்தின் மேல்விளிம்பு தெரியும் கணமா, நடுப்புள்ளி அடிவானத்தில் நிற்கும் கணமா? காற்று மண்டலம் ஒளியை வளைத்து, அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனையும் மேலே காட்டுகிறது. அந்த 34 கலையைச் சேர்ப்பதா, விடுவதா? இன்றைய வானியல் வழக்கு விளிம்பையும் ஒளிவளைவையும் சேர்த்து 50 கலை எடுத்துக்கொள்கிறது. சோதிட நிரல்கள் பல இத்தேர்வைப் பயனரிடமே விட்டுவிடுகின்றன. இரண்டு தேர்வுகளுக்கும் இடையே யாழ்ப்பாணத்தில் ஜூன் மாத உதயம் மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் வேறுபடும். ஹேர்னிங்கில் சூரியன் அடிவானத்தைச் சாய்வாகக் கடப்பதால் வேறுபாடு ஒன்பது நிமிடத்துக்குக் கிட்ட வந்துவிடுகிறது. இரு நிரல்களும் கணக்கில் பிழையற்றவை. எதை உதயம் என்று கொண்டன என்பதில்தான் பிரிகின்றன. காண்டலே ஆனாலும் எதைக் காண வேண்டும் என்பதை உரைதான் முன்கூட்டித் தீர்மானிக்கிறது.

சிறிய பிழை பெரிய பிழையைவிடக் கெட்டது என்பதும் இங்கே தெரியவரும். தீர்க்கரேகையைக் கிழக்கு என்பதற்குப் பதில் மேற்கு என்று கொடுத்துவிட்டால் உதயம் 72 நிமிடம் தள்ளிப்போகும். யாரும் உடனே கண்டுகொள்வார்கள். 8 பாகை 58 கலையைத் தசம எண் எதிர்பார்க்கும் பெட்டியில் 8.58 என்று எழுதினால்? உண்மையான தசம மதிப்பு 8.97. வேறுபாடு ஒன்றரை நிமிடம்தான். ஜன்னல் வழியே பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. அப்பிழை ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்து, சந்தி நேரத்தில் பிறந்த ஒரு குழந்தையின் இலக்கினத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போகும்.

நிரல் தரும் விடையை எதுவரை நம்பலாம் என்பதில் மீமாம்சகரும் நையாயிகரும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மீமாம்சகர் குமாரில பட்டரின் கொள்கைப்படி, அறிவு தானே மெய்ம்மை உடையது. அதை மெய்யாக்க வேறொன்று வேண்டாம், பொய்யாக்கத்தான் வேறொன்று வேண்டும். எதிர்ச்சான்று வரும்வரை நம்புவது அறிவின் இயல்பு. கணினி பயன்படுத்தும் எல்லோரும் நடைமுறையில் மீமாம்சகரே. திரை 7.42 என்றால் 7.42தான், யாராவது மறுத்தால் பார்ப்போம் என்பதே பழக்கம். நியாய மரபு இதை ஏற்பதில்லை. ஓர் அறிவு மெய் என்பது அதைக் கொண்டு செயலில் இறங்கிப் பயன் கண்ட பிறகே தெரியும் என்பது வாத்ஸ்யாயனரின் நியாய பாஷ்யத்தின் தொடக்கக் கருத்து. நீர் என்று கண்டது நீர்தானா என்பதைத் தாகம் தீர்ந்ததே சொல்லும். மென்பொருள் சோதனை என்ற தொழிலே இந்த நிலைப்பாட்டின் மேல் நிற்கிறது.

ஆனால் ஒவ்வோர் அறிவையும் இன்னோர் அறிவால் சோதிக்க வேண்டும் என்றால் அந்தச் சோதனையை எதனால் சோதிப்பது? முடிவில்லாமல் போகுமே என்ற மறுப்புக்கு வாசஸ்பதி மிசிரர், உதயணர் ஆகிய பின்வந்த நையாயிகர் சொன்ன பதில் நுட்பமானது. பழகிய சூழலில் பழகிய வகை அறிவுக்குச் சோதனை தேவையில்லை. முன்பு பலமுறை பயன் தந்த இனத்தைச் சேர்ந்தது என்பதே போதும். பழகாத சூழலில்தான் ஐயம் எழுகிறது, சோதனை வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்க அறிவு பழகிய சூழலின் அறிவு. தலைமுறைகளாக அதே வானத்தின் கீழ் புழங்கி வந்தது. 56ஆம் பாகையில் அது பழகாத சூழலுக்கு வந்துவிட்டது. சொல் அதே, நூல் அதே, நம்பிக்கையும் அதே. ஆனால் நம்பிக்கைக்கு ஆதாரமாக இருந்த பழக்கம் கூட வரவில்லை. புலம்பெயர்ந்த சமயம் எதிர்கொள்ளும் பல கேள்விகளுக்கு இந்த வேறுபாடு விளக்கம் தரும். மரபு பொய்த்துவிட்டது என்று இளையவர் சொல்வதும், எதையும் மாற்றக்கூடாது என்று மூத்தவர் சொல்வதும் இதைக் காணாததால் வருபவை.

திதிக்கு வந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஈழத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இருவகைப் பஞ்சாங்கங்கள் வழக்கில் உள்ளன. கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் வீடுகள்தோறும் அறிந்த பெயர். வாக்கிய முறை வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்களிலிருந்து வருகிறது. சந்திரன் பூமிக்கு நெருங்கியும் விலகியும் செல்லும் சுற்று ஒன்பது முறை முடிய ஏறக்குறைய 248 நாள் ஆவதால் அந்த எண். திருக்கணிதம் வானில் காண்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கொள்கையால் திருத்தப்பட்டது. இரண்டிலும் திதி முடியும் நேரம் சில மணி வேறுபடுவதும், சித்திரைப் புத்தாண்டின் புண்ணிய காலம் ஆண்டுதோறும் இரண்டு விதமாக அறிவிக்கப்படுவதும் எல்லோரும் அறிந்தவை.

வாக்கிய முறையில் கணிப்பதாகச் சொல்லும் நிரலைத் தொலைநோக்கியால் சோதிப்பது தவறான சோதனை. அது வாக்கியத்துக்கு உண்மையாக இருக்கிறதா என்பதே அதற்குரிய கேள்வி. அச்சுப் பஞ்சாங்கத்தோடு ஒத்தால் நிரல் சரி. திருக்கணித நிரல் கிரகணத்தன்று வானத்தோடு ஒத்துப்போகாவிட்டால் தவறு, எந்த நூல் துணை நின்றாலும் தவறு. வானத்தோடு உள்ள அதே சில மணி வேறுபாடு ஒன்றில் பிழை, மற்றதில் பிழை அல்ல. மேகநாத் சாகா தலைமையில் 1952இல் இந்திய அரசு அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு வானத்தின் பக்கம் நின்று தீர்ப்பளித்தது. அதன் வழியில் 1957 முதல் தேசியப் பஞ்சாங்கம் வெளிவருகிறது. அரசு ஏற்ற பிறகும் வாக்கியம் மறையவில்லை. பிடிவாதம் என்று அதை ஒதுக்குவது எளிது, ஆனால் நியாயமல்ல. நோன்பு நோற்பவர் சந்திரனின் இடத்தைத் தெரிந்துகொள்ள மட்டும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. ஊரார் எல்லோரும் எந்த நாளில் நோற்கிறார்களோ அந்த நாளில் தாமும் நோற்கப் பார்க்கிறார்.

ஹேர்னிங்கில் திதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு நாளின் திதி அந்நாள் உதயத்தில் நிற்கும் திதி என்பது பொது விதி. ஜூனில் ஹேர்னிங்கின் உதயம் யாழ்ப்பாணத்து உதயத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் பின்னால் வருகிறது; டிசம்பரில் ஏழு மணி நேரம் பின்னால். ஒரு திதியின் சராசரி நீளம் 23 மணி 37 நிமிடம். ஆகவே நடுக்குளிர்காலத்தில் பத்து நாளில் ஏறத்தாழ மூன்று நாள், யாழ்ப்பாணத்தில் இன்றைய திதி ஒன்றாகவும் ஹேர்னிங்கில் வேறாகவும் இருக்கும். ஆவணி வளர்பிறைச் சதுர்த்திக்கு நண்பகலில் திதி நிற்க வேண்டும் என்பார்கள். ஹேர்னிங்கில் கோடைக்கால நேரப்படி சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.25 அளவில். கடிகாரத்தின் பன்னிரண்டை நண்பகலாகக் கொண்ட நிரல் விநாயகர் சதுர்த்தியை ஒருநாள் முன்பின்னாகக் காட்ட இடமுண்டு.

சரியான விடை தெரியாத நிரலை எப்படிச் சோதிப்பது என்பதை எலைன் வெய்யுக்கர் 1982இல் ஒரு கட்டுரையில் முறையாக ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட வழிகளில் ஒன்று, அதே விதிக்கு வேறொருவர் தனியாக எழுதிய நிரலோடு ஒப்பிடுவது. பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் இயல்பாகச் செய்வதும் இதுதான். மூன்று நிரல்களைத் திறந்து பார்த்து, மூன்றும் ஒன்றே சொன்னால் நிம்மதி அடைவார்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது. சூரிச்சின் ஆஸ்ட்ரோடீன்ஸ்ட் நிறுவனம் 1997இல் வெளியிட்ட சுவிஸ் எபிமெரிஸ் என்ற கணிதத் தொகுப்பையே இன்றைய சோதிட நிரல்கள் பல உள்ளே வைத்திருக்கின்றன. அது அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் கோள் கணக்குகளை அடியாகக் கொண்ட மிக நுட்பமான தொகுப்பு. ஆனால் மூன்று நிரல்களும் ஒரே சாட்சியிடம் கேட்டுவந்து சொல்லும்போது அவை மூன்று சாட்சிகள் ஆகா. உண்மையாகவே தனித்தனியாக எழுதினாலும் முழு விடுதலை இல்லை. ஜான் நைட்டும் நான்சி லெவ்சனும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், இரு பல்கலைக்கழக மாணவர்கள் ஒரே விவரக்குறிப்புக்குத் தனித்தனியே எழுதிய 27 நிரல்களைப் பத்து இலட்சம் உள்ளீடுகளால் சோதித்தார்கள். தற்செயலாக நேரக்கூடியதைவிட மிக அதிகமாக அவை ஒரே இடங்களில் தவறின. கடினமான இடம் எல்லோருக்கும் கடினமான இடமே. பல நூல்கள் ஒன்றே சொல்கின்றன என்பதை உரைக்கு வலுவாகக் காட்டும் வாதங்கள் அனைத்தும் இந்த ஆய்வைப் பொருட்படுத்த வேண்டியவை.

கணக்கும் காட்சியும் பொருந்தாதபோது இரண்டில் ஒன்று பிழையாக இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. டென்மார்க்கின் ஓர்ஹூஸில் பிறந்த ஓலெ ரோமர், பாரிஸ் வானாய்வகத்தில் வியாழனின் துணைக்கோளான அயோவின் கிரகணங்கள் அட்டவணை சொன்ன நேரத்துக்கு முன்னும் பின்னும் நிகழ்வதைக் கவனித்தார். அட்டவணையும் கவனமாகப் போட்டது, கண்ணும் பொய் சொல்லவில்லை. ஒளி வந்துசேர நேரம் எடுக்கிறது என்று 1676இல் அவர் அறிவித்தார். பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்ற அவர் எண் மிகை. இன்று அறிந்தது பதினாறரை நிமிடத்துக்குச் சற்று மேல். எண் தவறினாலும் காரணம் சரி. கருதல் என்ற அளவையின் முழு ஆற்றலும் வெளிப்பட்ட தருணங்களில் இது ஒன்று.

மூன்று அளவைகளில் உரை ஒன்றையே நம்ப வேண்டிய இடமும் உண்டு. அது பிறந்த நேரம். இலக்கினம் சராசரியாக நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. ஒருமணிப் பிழை பதினைந்து பாகை, பாதி இராசி. டென்மார்க்கில் 1980 முதல் கோடைக்கால நேரம் உள்ளது. இன்று அது அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நீடிக்கிறது. 1995 வரை செப்டம்பர் கடைசி ஞாயிறோடு முடிந்தது. விண்டோஸின் பழைய பதிப்புகள் ஒரு நேர வலயத்துக்கு நடப்பு விதி ஒன்றை மட்டுமே வைத்திருந்தன. அதை அப்படியே நம்பிய நிரல், 1990 அக்டோபரில் ஹேர்னிங்கில் பிறந்த குழந்தைக்குக் கோடைக்கால நேரத்தைச் சேர்த்துச் சாதகத்தை ஒருமணி நேரம் நகர்த்திவிடும். இது ஐயத்துக்கு இடமில்லாத பிழை. சட்டம் எழுத்தில் இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய உலக நேர வலயத் தரவுத்தளத்திலும் பதிவாகியிருக்கிறது. திருத்திவிடலாம்.

இலங்கையில் பிறந்தவருக்கு அப்படி முடிவதில்லை. 1996 மே மாதம் இலங்கை அரசு கடிகாரத்தை ஒருமணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில் அரைமணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரை மணி வேறுபாட்டுக்கே திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை, அங்கே பழைய நேரமே ஓடியது. 1999இல் கிளிநொச்சியில் ஒரு குழந்தை பிறந்த நேரம் துண்டுக் காகிதத்தில் 4.10 என்று இருந்தால், அதை எழுதியவர் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தார்? தரவுத்தளம் கொழும்பு நேரத்தைத் தரும். நிரல் அதை நம்பிக் கணிக்கும், கணக்கில் ஒரு நொடியும் பிசகாது. ஆனாலும் விடை ஏழரைப் பாகை தள்ளி நிற்கக்கூடும். இதைத் தீர்க்க வானம் உதவாது, இன்னொரு நிரலும் உதவாது. பெற்ற தாயைக் கேட்க வேண்டும். அவர் நம்பத்தக்கவர் என்பதால் அவர் சொல் அளவையாகும். உரையைக் காண்டலுக்கும் கருதலுக்கும் சமமாக ஒரு தனி அளவையாக நிறுத்திய சித்தாந்தத்தின் நிலைப்பாடு பகுத்தறிவுக்குப் புறம்பானதல்ல என்பதற்குப் போர்க்காலத்துப் பிறப்புக் குறிப்பு ஒன்றே போதிய சான்று.

விதிக்கு மாறானதெல்லாம் திருத்த வேண்டிய பிழையும் அல்ல. தமிழ் இலக்கணிகள் வழு, வழாநிலை என்று இரண்டோடு நிறுத்தாமல் வழுவமைதி என்று மூன்றாவது ஒன்றையும் வைத்தார்கள். விதிக்கு மாறாக இருந்தும் காரணம் பற்றி ஆன்றோர் ஏற்றுக்கொண்டது அது. புலம்பெயர் நாடுகளின் ஆலயங்கள் பலவற்றில் திருவிழாவின் முக்கிய நாளை வேலை விடுமுறையான சனி, ஞாயிறுக்கு அமைப்பது இந்த வகை. நிரல் அதைத் திதி தவறியது என்று காட்டும். காட்டவும் வேண்டும், ஏனென்றால் எது விதி, எது அமைதி என்ற நினைவு அழியக்கூடாது. அந்த நினைவு இருக்கும்வரை மாற்றம் மரபுக்குள்ளேயே நிகழ்கிறது. நினைவு போன பிறகு, ஒன்றரை மணி இராகுகாலத்துக்கு நேர்ந்ததே திருவிழாவுக்கும் நேரும்.

ஹேர்னிங்கிலிருந்து இன்னும் வடக்கே போனால் விதியே முடிந்துவிடும் இடம் வருகிறது. வட நோர்வேயின் மீன் பதனிடும் ஊர்களில் ஈழத்தமிழர் 1980களிலிருந்து வேலை செய்து வாழ்ந்திருக்கிறார்கள். திரோம்சோ நகரில் நவம்பர் இறுதியிலிருந்து சனவரி நடு வரை சூரியன் உதிப்பதில்லை; மே நடுப்பகுதிக்குப் பின் இரண்டு மாதம் மறைவதில்லை. உதயத்தைக் கணிக்கும் சமன்பாட்டில் கோசைன் மதிப்பு ஒன்றைத் தாண்டிவிடும், அப்படி ஒரு கோணம் கிடையாது. கவனமின்றி எழுதிய நிரல் அங்கே திடீரென நின்றுவிடும், அல்லது பொருளற்ற ஓர் எண்ணை அச்சிடும். எண்ணை அச்சிடுவது நிரலின் பிழை. ஆனால் சரியாக என்ன அச்சிட வேண்டும் என்பதற்கு நூலில் விடை இல்லை. வாரம், அதாவது கிழமை, உதயத்தில் தொடங்குகிறது என்பது விதி. உதயம் இல்லாத ஊரில் வாரம் எப்போது தொடங்கும் என்று விதி பேசவில்லை. காண்டலுக்கு அங்கே பொருள் இல்லை, கருதலுக்குப் பிடி இல்லை, உரை மௌனம். அருகே சூரியன் உதிக்கும் ஊரின் நேரத்தைக் கொள்ளலாம், யாழ்ப்பாணத்து நேரத்தையே கொள்ளலாம், கடிகாரத்தின் ஆறு மணியையும் கொள்ளலாம். மூன்றுக்கும் காரணம் சொல்ல முடியும், எதையும் நிரலாளர் தாமாகத் தேர்ந்து உள்ளே புதைத்துவிட முடியாது. அந்நாட்களில் அவருடைய நிரல் இன்று இவ்வூரில் உதயம் இல்லை என்று சொல்லி, இராகுகாலக் கட்டத்தை வெற்றாக விட வேண்டும். அதை எப்படி நிரப்புவது என்று குருக்களும் அங்கே வாழும் சைவர்களும் கூடி முடிவு செய்தால், அந்த முடிவையும் காரணத்தையும் முடிவு செய்தவர்களின் பெயரையும் நிரலின் உதவிப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.